ஒன்பது பேர் ஓடிய பந்தயம்

2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவைப் புதுச்சேரியில் பல வீடுகளில் நள்ளிரவு தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்தா குடும்பங்களில் கேட்கவே வேண்டாம். அங்கே கொட்டிய மழையில் சேன் நதிக்கரையில் பத்துப் பெண்களின் பொன்னிறச் சிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. அவர்களில் சிமோன் வெய், சிமோன் தெ பொவுவார் போன்றவர்களை நம்மில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரியும். அலிஸ் மில்யா என்ற பெயர் வந்தபோது, எங்கள் தெருவில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மறுநாள் காலை நடைப்பயிற்சியில் இரண்டு நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். அவர்களுக்கு நடந்துகொண்டே அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆனால் மில்யா அம்மையாரின் முழுக் கதை பெரிது. அவர் பாடுபட்டுப் பெற்றுத் தந்த ஒரே ஒரு ஓட்டப் பந்தயத்தைப் பற்றி மட்டும் இன்று.

1928-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் அது. நம்மவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் 1928 என்றால் ஹாக்கிதான் நினைவுக்கு வரும். ஜெய்பால் சிங் தலைமையில், தியான்சந்த் ஆடி, இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை அவர்கள் ஊரிலேயே 3-0 என்று வென்று முதல் தங்கம் வாங்கிய வருடம். அந்த ஹாக்கி மே மாதத்தில் முடிந்துவிட்டது. தடகளம் ஜூலை கடைசியில்தான் தொடங்கியது. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் தடகளத்தில் இறங்கியது அதுவே முதல் தடவை.

அதற்கு முன் பெண்கள் ஒலிம்பிக்கில் இல்லாமல் இல்லை. 1900-இல் டென்னிஸும் கோல்ஃபும் ஆடினார்கள், 1912-இல் நீந்தினார்கள். ஓட்டம், தாண்டுதல், எறிதல் மட்டும் அவர்களுக்கு ஆகாது என்று வைத்திருந்தார்கள். அப்படி வைத்தவர்களில் முதன்மையானவர் நவீன ஒலிம்பிக்கின் தந்தை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த பாரோன் பியேர் தெ குபெர்த்தேன். (தமிழ்ப் பத்திரிகைகளில் கூபர்டின் என்று எழுதுவார்கள். பிரெஞ்சு வாத்தியார் காதில் விழுந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.) வெற்றியைவிடப் பங்கேற்பதே பெரிது என்ற அவருடைய கருத்தை எங்களுக்குத் திக்தேயாகவே கொடுத்திருக்கிறார்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். பங்கேற்பது யாருக்குப் பெரிது என்று அந்த வயதில் எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. 1912-இல் அவர் ஒலிம்பிக் சஞ்சிகையில் எழுதியதைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன். பெண்களுக்கு ஒலிம்பிக் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது, சுவாரசியம் இல்லாதது, அழகில்லாதது, முறையும் இல்லாதது என்பது சாரம். பிரெஞ்சில் அந்த நான்கு அடைமொழிகளும் ஒரே எதிர்மறை முன்னொட்டோடு வரிசையாக வருகின்றன. நல்ல நடைதான், மறுக்கவில்லை.

இவருக்கு எதிரே வந்து நின்றவர்தான் அலிஸ் மில்யா. நாந்த் நகரில் 1884-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்தார். துடுப்புப் படகு ஓட்டுவதில் கெட்டிக்காரி. 1919-இல் ஒலிம்பிக் கமிட்டிக்கு எழுதினார், பெண்களுக்குத் தடகளம் வேண்டும் என்று. மறுத்துவிட்டார்கள். மனு நிராகரிக்கப்பட்டால் நம்மவர்கள் மேல்முறையீடு செய்வார்கள். அந்த அம்மாள் தனி அலுவலகமே திறந்துவிட்டார்! 1921 அக்டோபரில் பெண்களுக்கென்று ஒரு சர்வதேச விளையாட்டுச் சம்மேளனம் தொடங்கி, 1922 ஆகஸ்ட் 20 அன்று பாரிஸின் பெர்ஷிங் அரங்கில் ஒரே நாளில் ‘பெண்கள் ஒலிம்பிக்’ நடத்திக் காட்டினார். ஐந்து நாடுகள், பதினொரு போட்டிகள், பார்க்க வந்தவர்கள் இருபதாயிரம் பேர். அதில் பெண்களுக்கு 1000 மீட்டர் ஓட்டமும் இருந்தது. பிரான்ஸின் லூசி ப்ரெயார் வென்றார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘ஒலிம்பிக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதுதான் பெரியவர்களைச் சுட்டது. பேச்சுவார்த்தை நடந்தது. அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளம் தருகிறோம் என்றார்கள். மில்யா முழுப் பட்டியலைக் கேட்டார். கிடைத்தவை ஐந்து: 100 மீட்டர், 800 மீட்டர், தொடர் ஓட்டம், உயரம் தாண்டுதல், வட்டு எறிதல். ஆண்களுக்கு இருபதுக்கு மேல் இருந்தபோது எங்களுக்கு ஐந்துதானா என்று பிரிட்டிஷ் பெண்கள் கோபித்துக்கொண்டு வரவேயில்லை. நல்ல ஓட்டக்காரிகள் அவர்கள். வந்திருந்தால் இந்தப் பந்தயத்தில் இன்னும் கடுமையான போட்டி இருந்திருக்கும்.

பந்தயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 1 அன்று முதல் சுற்று. மூன்று பிரிவுகளில் இருபத்தைந்து பெண்கள் ஓடினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூவர், ஆக ஒன்பது பேர் மறுநாள் இறுதிக்கு. நடுவில் ஓய்வு நாள் கிடையாது. புது அரங்கம், கரித்தூள் ஓடுதளம், ஒரு சுற்று 400 மீட்டர். ஒலிம்பிக்கில் அந்த அளவு ஓடுதளம் வந்ததே அப்போதுதான். 800 மீட்டர் என்பது இரண்டு சுற்று. ஓடியவர்களுக்குத் தெரியும், இது ஒரு பொல்லாத தூரம். நூறு மீட்டர் போலக் கண்ணை மூடிக்கொண்டு பாயவும் முடியாது, நீண்ட ஓட்டம் போல மூச்சைச் சேமித்துக்கொண்டு ஓடவும் முடியாது. முதல் சுற்றில் ஆசைப்பட்டவர் இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில் கடனை வட்டியோடு கட்டுவார். கால் கல்லாகிவிடும்.

அந்த ஒன்பது பேரில் மூவரைச் சொல்லவேண்டும்.

லீனா ராட்கே, ஜெர்மனி. வயது 24. கார்ல்ஸ்ருவே நகரத்துப் பெண். கணவர் கியோர்க் ராட்கேதான் பயிற்சியாளர். ஒரு மாதம் முன்புதான், ஜூலை 1 அன்று, 2 நிமிடம் 19.6 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்திருந்தார்.

இங்கா கென்ட்செல், சுவீடன். ராட்கேக்கு முந்தைய சாதனை இவருடையது, 2 நிமிடம் 20.4. அதாவது இரண்டு சாதனைக்காரிகளும் ஒரே கோட்டில் நின்றார்கள்.

மூன்றாமவர் ஹிதோமி கினுயே, ஜப்பான். எனக்கு இவர்மேல்தான் தனிப் பிரியம். ஒகயாமா பகுதிக்காரர், வயது 21, ஒசாகாவில் ஒரு பெரிய பத்திரிகையில் வேலை பார்த்தவர். நீளம் தாண்டுதலில் உலக சாதனை அவரிடம் இருந்தது. அந்த ஐந்து போட்டிகளில் நீளம் தாண்டுதல் இல்லை! அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு அங்கே கதவு இல்லை. அதனால் 100 மீட்டரில் இறங்கினார். அரையிறுதியோடு வெளியே வந்துவிட்டார். ஜப்பான் பெண் அணி என்பதே அவர் ஒருவர்தான். அவ்வளவு தூரம் அனுப்பிவைத்த ஊருக்கு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? 800 மீட்டரில் ஓடுகிறேன் என்றார். அதற்கு முன் போட்டியில் அந்தத் தூரத்தை அவர் ஓடியதே கிடையாது.

ஆகஸ்ட் 2, இறுதிப் பந்தயம். கென்ட்செல் முதலில் இழுத்துக்கொண்டு போனார். ராட்கே அவசரப்படாமல் இருந்து இரண்டாம் சுற்றில் முன்னேறினார். ஹிதோமி பின்னாலிருந்து ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு வந்தார். ராட்கே கோட்டைத் தொட்டபோது நேரம் 2 நிமிடம் 16.8 விநாடி, புதிய உலக சாதனை. ஹிதோமி 2 நிமிடம் 17.6. மூன்றாவதாகக் கென்ட்செல். கணக்கைக் கவனியுங்கள்: பழைய சாதனை 2:19.6. முதல் மூவருமே அதைவிட வேகமாக ஓடியிருக்கிறார்கள். ஒலிம்பிக் தடகளத்தில் ஜெர்மனி வாங்கிய முதல் தங்கம் அது. ஜப்பானியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமும் அன்றுதான்.

நான்காவது ஜீன் தாம்சன், கனடா, பதினேழு வயதுச் சிறுமி. ஐந்தாவதும் கனடாக்காரிதான், பேனி ரோசன்ஃபெல்ட். 100 மீட்டரில் வெள்ளி வாங்கியவர், தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கப்போகிறவர். கடைசியில் சோர்ந்துபோன தாம்சனை முந்த முடிந்தும் முந்தாமல், பக்கத்திலேயே ஓடித் தைரியம் கொடுத்துக்கொண்டு வந்தார் என்று கனடாவில் இன்றும் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர். மொத்தம் ஒன்பது பேர் புறப்பட்டார்கள், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். முடிவுப் பட்டியலில் ஒன்பது பெயர்கள் வரிசையாக இருக்கின்றன.

இனிமேல்தான் கதை.

மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்த அமெரிக்கனும் ஆங்கிலேயனும் வேறு ஒரு பந்தயத்தைப் படித்தார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் முற்றிலும் களைத்துத் தரையில் விழுந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஜான் டியூனிஸ் என்ற பெயர்பெற்ற எழுத்தாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஓடிய பரிதாபத்துக்குரிய பெண்கள் பதினொரு பேராம், ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டார்களாம், மேலும் ஐந்து பேர் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார்களாம். ஓடியவர்களே ஒன்பது பேர்தான்! பதினொன்று எங்கிருந்து வந்தது? பெண்கள் இப்படி ஓடினால் சீக்கிரம் கிழவியாகிவிடுவார்கள், பிள்ளைப்பேறு கெடும் என்று வைத்தியர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். (தலையில் மீன்கூடையோடு விடியற்காலையில் மைல்கணக்கில் நடந்து வந்து விற்றுவிட்டுத் திரும்பும் நம் ஊர் கடற்கரைப் பெண்களை அந்த வைத்தியர்களுக்குக் காட்டியிருக்கவேண்டும்.)

உண்மையில் என்ன நடந்தது? அந்த ஓட்டத்தின் சலனப்படம் ஒரு துண்டு இருக்கிறது. முடிவுக் கோட்டில் ஒரு பெண் விழுவதும் உடனே எழுந்துகொள்வதும் அதில் தெரிகிறது. மற்றவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். இரண்டு சுற்று உயிரைக் கொடுத்து ஓடியவர்கள் மூச்சு வாங்காமல் என்ன செய்வார்கள்? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து டாக்டர் மெஸ்ஸெர்லி அந்தப் பந்தயத்தில் நடுவராக இருந்தவர். பல வருடம் கழித்து அவர் தம் சாட்சியத்தை எழுதிவைத்தார். இரண்டு கனடாக்காரிகளும் ஜப்பானியப் பெண்ணும் புல்தரையில் சாய்ந்தது உண்மை, பார்த்தவர்களும் பத்திரிகைக்காரர்களும் அவர்கள் சக்தியெல்லாம் போய் விழுந்ததாக நினைத்துவிட்டார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன், அவர்களுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, தோற்றுவிட்டோமே என்று அழுதார்கள், அவ்வளவுதான் என்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுவது பெண்களின் இயல்பு என்று ஒரு வால் வேறு சேர்த்திருக்கிறார். சாட்சி நமக்குச் சாதகம், சாட்சி சொன்னவரின் புத்தி முழுக்க நம் பக்கம் இல்லை. கோர்ட்டில் இப்படிப்பட்ட சாட்சிகளும் வருவார்கள்.

அதே 1928-இல் சர்வதேச அமெச்சூர் தடகளச் சம்மேளனம் இந்த விஷயத்தை எடுத்தது. பெண்களைத் தடகளத்திலிருந்தே வெளியேற்றவேண்டும் என்று ஒரு சாரார் நின்றார்கள். அது நடக்கவில்லை. 100 மீட்டர் தப்பித்தது, தாண்டுதல் தப்பித்தது. 800 மீட்டர் மட்டும் பலியானது. ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக அப்போது இருந்தவர் பெல்ஜியத்துப் பிரபு பயே-லத்தூர். பெண்களுக்கு அழகு சார்ந்த விளையாட்டுகள் போதும் என்ற கட்சிக்காரர். குபெர்த்தேனும் ஓய்வில் இருந்தபடியே ஆம்ஸ்டர்டாம் வீரர்களுக்கு அனுப்பிய செய்தியில் பெண்கள் வருவது தமக்குச் சம்மதமில்லை என்று சொல்லியிருந்தார். ஆக, பத்திரிகைக்காரர்கள் எழுதியதால் மட்டும் ஓட்டம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். முடிவு முன்பே மனதில் இருந்தது. அதற்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது, காகிதம் கிடைத்தது.

முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் இந்த இடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஓர் அலுவலகத்தில் நான் மாற்றலாகிப் போனபோது ஒரு விதவைப் பெண்மணியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு மேசைக்கு வந்தது. ‘மனுதாரர் நினைவூட்டல்களுக்குப் பதில் அளிக்கவில்லை’ என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். அடுத்து வந்தவர் ‘முன்பே குறிப்பிட்டபடி’ என்று தொடங்கி அதையே எழுதியிருந்தார். மூன்றாமவர் ‘பலமுறை வாய்ப்பளித்தும்’ என்று கொஞ்சம் அலங்காரம் சேர்த்திருந்தார். கீழே அதிகாரியின் கையொப்பம். நான்கு வருடம் ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தால், அந்தம்மாள் பெயருக்கு ஒரு நினைவூட்டலும் போகவேயில்லை. பதில் எங்கிருந்து வரும்? அந்த ரிஜிஸ்டர் அதே அறையில், அதே அலமாரியில்தான் இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் முடிவுப் பட்டியலும் அப்படித்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும் இடத்தில் இருந்தது. ஒன்பது பெயர், பக்கத்தில் இடம். இருந்தும் பதினொரு பேர், ஐந்து பேர் என்ற கணக்கைத்தான் பிற்காலப் புத்தகங்கள்கூட ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டு வந்தன.

ஆண்கள் விழுந்தால் என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டும் அல்லவா? 1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் தொராந்தோ பியெத்ரி அரங்குக்குள் தள்ளாடி வந்து, திரும்பத் திரும்ப விழுந்து, தூக்கிவிடப்பட்டு முடித்தார். உதவி பெற்றதற்காகத் தங்கம் பறிபோனது. ஆனால் அலெக்சாண்ட்ரா ராணியே அவருக்கு ஒரு கோப்பை கொடுத்தார், உலகமே கொண்டாடியது. 1912 ஸ்டாக்ஹோம் மாரத்தானில் போர்த்துகல்லின் பிரான்சிஸ்கு லாசரு வெயிலில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தே போனார். மாரத்தானை யாரும் நீக்கவில்லை. நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1924 பாரிஸில் கொளுத்தும் வெயிலில் நடந்த ஆண்களின் கிராஸ்கன்ட்ரி ஓட்டத்தில் 38 பேர் புறப்பட்டு 15 பேர்தான் முடித்தார்கள். அதன் பிறகு அந்தப் போட்டியை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அதைக் காட்டி ஆண்களுக்கு 10,000 மீட்டர் ஆகாது, 5000 மீட்டர் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு மேல் முடிக்காத ஓட்டம் அது. ஆம்ஸ்டர்டாமிலோ அத்தனை பேரும் முடித்தார்கள்.

பிறகு நீண்ட இடைவெளி. 1932-இலும் 1936-இலும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மிக நீண்ட ஓட்டம் 100 மீட்டர். 1948-இல் 200 மீட்டர் சேர்த்தார்கள். அந்த வருடம் ஹாலந்தின் பிளாங்கர்ஸ்-கூன், இரண்டு குழந்தைகளின் தாய், முப்பது வயதில் நான்கு தங்கம் வாங்கினார். அவரையும் 200 மீட்டருக்கு மேல் ஓட விடவில்லை. மில்யாவின் பெண்கள் சம்மேளனம் நடத்திய போட்டிகளில் 800 மீட்டர் தொடர்ந்து ஓடப்பட்டது. 1934 லண்டனோடு அந்தப் போட்டிகளும் நின்றன. இரண்டு வருடத்தில் சம்மேளனமும் ஆண்களின் சம்மேளனத்துக்குள் கரைந்துபோனது. மில்யா ஒதுங்கிவிட்டார். 1957-இல் பாரிஸில் இறந்தார். அவரைப் புதைத்த நாந்த் கல்லறையில் நெடுங்காலம் அவர் பெயர்கூட இல்லை.

லீனா ராட்கேயின் 2:16.8 சாதனைப் பட்டியலில் 1944 வரை இருந்தது. பதினாறு வருடம்! அவ்வளவு பெரிய சாதனையா என்றால், பெரியதுதான். ஆனால் அதை முறியடிக்கப் பெண்களுக்கு மேடை கொடுக்காததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஏனென்றால் வாய்ப்பு வந்ததும் நேரங்கள் சரசரவென்று இறங்கின. 1954-இல் பெர்ன் நகரில் ஐரோப்பியச் சாம்பியன் போட்டியில் 800 மீட்டரைச் சேர்த்தபோது சோவியத்தின் நீனா ஒத்கலென்கோ 2:08.8-இல் வென்றார். அதே வருடம் மே மாதம் பானிஸ்டர் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடினார் என்று உலகமே அமர்க்களப்பட்டது. இருபத்துமூன்று நாள் கழித்து டயான் லெதர் என்ற ஆங்கிலப் பெண் ஐந்து நிமிடத்துக்குள் மைல் ஓடினார். அந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1960 ரோம். முப்பத்திரண்டு வருடம் கழித்து 800 மீட்டர் திரும்பி வந்தது. சோவியத்தின் லுத்மிலா ஷெவ்த்சோவா 2:04.3. ஆஸ்திரேலியாவின் பிரெண்டா ஜோன்ஸ் ஒரே ஒரு பத்தில் விநாடி பின்னால். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைசி நேர்கோட்டை நெருங்கும் வரை முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் இன்னொரு ஆஸ்திரேலியப் பெண், டிக்ஸி வில்லிஸ். தடுமாறி ஓடுதளத்தை விட்டே உள்ளே போய்விட்டார், பந்தயம் போனது. 1928-இல் நடக்காததாகச் சொன்ன அந்தப் ‘பாதியில் நிற்றல்’ 1960-இல் உண்மையாகவே நடந்தது. ஓட்டத்தை நீக்கச்சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அதே வில்லிஸ் உலக சாதனை வைத்தார்.

அடுத்தது 1964 டோக்கியோ. அப்போது நான் பள்ளி மாணவன். எங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு ஆசிரியர் ஒரு நாள் மைதானத்தில் எங்களை உட்காரவைத்து மரிவொன் துப்யுரர் பற்றிச் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண்ணும் தம்மைப் போல உடற்பயிற்சி ஆசிரியைதான் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. துப்யுரர் இறுதிப் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே முன்னேறி, கடைசி வளைவு வரை விடாமல் இழுத்துக்கொண்டு ஓடினார். தங்கம் கையில் இருந்தது. வெளிப்பக்கமாக வந்து பறித்துக்கொண்டு போனவர் ஆன் பேக்கர் என்ற ஆங்கிலப் பெண். 2:01.1, உலக சாதனை. துப்யுரர் 2:01.9, வெள்ளி. பேக்கர் உண்மையில் 400 மீட்டர்காரி, அதில் வெள்ளி வாங்கிவிட்டார். 800 மீட்டரை அதற்கு முன் விரல்விட்டு எண்ணும் தடவைகள்தான் ஓடியிருந்தார். அன்று கடைக்குப் போய்ச் சாமான் வாங்கலாமா என்றுகூட யோசித்தாராம். நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை ராபி பிரைட்வெல் 400 மீட்டரில் நான்காவதாக வந்து மனம் உடைந்திருந்ததைப் பார்த்துத்தான் ஓட வந்தார் என்பார்கள். ‘ஆங்கிலேயர்கள் எப்போதும் கடைசி வளைவில்தான் வருவார்கள்’ என்றார் எங்கள் ஆசிரியர். துப்ளெக்ஸ் ஊரில் இருந்துகொண்டு அவர் அதைச் சொன்னது எதற்காக என்று பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் சிரித்தோம்.

பிறகு கதவு முழுசாகத் திறந்தது. 1972 மியூனிக்கில் 1500 மீட்டர் வந்தது. லுத்மிலா பிராகினா முதல் சுற்று, அரையிறுதி, இறுதி மூன்றிலும் உலக சாதனை வைத்தார், ஒரே வாரத்தில். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கு மாரத்தான். அதே ஒலிம்பிக்கில் நம் ஷைனி ஆபிரகாம் 800 மீட்டரில் அரையிறுதி வரை போனார். ஒலிம்பிக்கில் அதுவரை இந்தியப் பெண் யாரும் எட்டாத இடம் அது.

அந்த 1984 மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியெலா ஆண்டர்சன்-ஷீஸ் அரங்குக்குள் நுழைந்தபோது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, கால் இழுபட, தள்ளாடிக்கொண்டு வந்தார். கடைசி ஒரு சுற்றுக்கு ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டர்கள் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். தொட்டால் தகுதி போய்விடும் என்பதால் அவர் கையை அசைத்து விலகச் சொன்னார். அவர் வியர்ப்பதைப் பார்த்துவிட்டு, ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோட்டைத் தாண்டித்தான் விழுந்தார், 37-ஆவது இடம். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஒலிம்பிக்கிலும் பெண்கள் மாரத்தான் இருந்தது. லீனா ராட்கே இதைப் பார்க்கவில்லை. முந்தைய வருடம்தான், 1983-இல், காலமானார்.

ஹிதோமி கினுயேயைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்குப் பிறகு அவர் ஓயவில்லை. 1930-இல் பிராக் நகரில் நடந்த பெண்கள் போட்டிக்கும் வந்து நீளம் தாண்டுதலில் வென்றார். ஊர் திரும்பிச் சில மாதங்களில் நோயில் படுத்தார். நிமோனியா. 1931 ஆகஸ்ட் 2 அன்று, அந்த 800 மீட்டர் ஓடிய அதே தேதியில், 24 வயதில் இறந்தார். அவருக்குப் பிறகு ஜப்பானியப் பெண் ஒருவர் ஒலிம்பிக் தடகளத்தில் பதக்கம் வாங்க 64 வருடம் ஆயிற்று. 1992 பார்சிலோனா மாரத்தானில் அரிமோரி யுகோ, அவரும் ஒகயாமாக்காரர், வாங்கியதும் வெள்ளி. பார்சிலோனாவில் அன்று ஆகஸ்ட் 1 இரவு. ஜப்பானில் விடிந்தால் ஆகஸ்ட் 2.

மில்யா அம்மையாரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத எண்ணம். கண் ஒத்துழைக்கவேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம்.